என் கை, இருநூறு கொசு, பதினைந்து நிமிஷம்

ஜனவரி 9, செவ்வாய்

அண்ணனுக்கு உப்புக் கம்பெனியில் கொடுத்த டைரி இது. அட்டையில் கப்பல் படம். அண்ணன் ஒரு வரி எழுத மாட்டான், எனக்குத் தந்துவிட்டான். இதில் வேலை விஷயம் மட்டும்தான் எழுதுவேன். சொந்தக் கதை எழுத எனக்குச் சொந்தக் கதை என்று ஒன்றும் கிடையாது.

பெயர் மெட்டில்டா. வயது முப்பத்துநான்கு. தூத்துக்குடிக்கு வெளியே இருக்கும் கொசு ஆராய்ச்சி நிலையத்தில் பதினொரு வருஷமாகக் கொசு வளர்க்கிறேன். ஊரே கொசுவை அடித்துக்கொண்டிருக்க, நான் அதற்குத் தீனி போட்டுப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். புழுவாக இருக்கும்போது மீன் தீவனப் பொடி. வளர்ந்தபின் பஞ்சில் நனைத்த சர்க்கரைத் தண்ணீர். முட்டையிட வேண்டிய பெண் கொசுவுக்கு மட்டும் ரத்தம் வேண்டும். அதற்கு எங்கே போவது? கூண்டின் துணி வாசலுக்குள் என் கையை நுழைத்தால் உள்ளே இருக்கும் இருநூறும் பந்தியில் உட்கார்ந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. இவை நிலையத்திலேயே பிறந்து வளர்ந்தவை, ஒரு காய்ச்சல்காரனைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்று புது விஞ்ஞானி வந்து சேர்ந்தார். பெயர் இசக்கியப்பன், அம்பாசமுத்திரம் பக்கம். ஒல்லி. இந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். ஒரு ஐஸ் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார், பெட்டியை விடவில்லை.

"இதுக்குள்ள என்ன சார் இருக்கு?" என்றேன்.

"பாக்டீரியா, மேடம்."

என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் மனிதர். எங்கள் சீனியர் லூயிஸ் அண்ணன், எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

ஜனவரி 12, வெள்ளி

ஐஸ் பெட்டி ரகசியம் தெரிந்துவிட்டது. இசக்கியப்பன் சார் லூயிஸ் அண்ணனையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கொசுவைக் கொல்ல வேண்டாம், மேடம். நம்ம வயித்துல மாதிரியே கொசு வயித்துலயும் பாக்டீரியா குடியிருக்கு. அதுல ஒண்ணைப் பிடிச்சு, உள்ள ஒரு மரபணுவை வச்சிருக்கேன். மலேரியாக் கிருமி கொசு வயித்துக்குள்ள வந்தா, இது அங்கனயே அதோட கதையை முடிச்சிரும்."

"அப்பம் கொசு கடிக்குமா?"

"கடிக்கும். காய்ச்சல் குடுக்காது."

"செத்துப்போகாதே?"

"போகாது, மேடம்."

பதினொரு வருஷம் வளர்த்தவள் நான். எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோயிற்று.

சோதனை இதுதான். நான்கு கூண்டு. சர்க்கரைத் தண்ணீரில் பாக்டீரியாவை ஒரே ஒரு தடவை கலந்து கொடுப்போம். அதன்பின் கொடுக்க மாட்டோம். தாய்க் கொசு முட்டையோடு சேர்த்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், பிள்ளை பேரனுக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாம் தலைமுறையில் நூற்றுக்கு எண்பது கொசுவாவது பாக்டீரியாவோடு இருந்தால், ஒரு கிராமத்தில் சுற்றிலும் வலை போட்ட வலைவீடு கட்டி அடுத்த சோதனை. இல்லாவிட்டால் பாக்டீரியாவை உறைபெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாருடைய வேலையும் அதோடு முடியும். மார்ச் 5 அன்று நிபுணர் குழு வந்து தீர்ப்புச் சொல்லும்.

ஒன்று, இரண்டு கூண்டுகளுக்கு லூயிஸ் அண்ணன் கை, காலையில். மூன்று, நான்கு கூண்டுகளுக்கு என் கை, மதியம் மூன்று மணிக்கு.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாட்டுக்கு லீவு உண்டு, கொசுவுக்குக் கிடையாது.

பாக்டீரியா உள்ளே போய்விட்டதா என்று இன்று பார்த்தோம். சார் அதற்கும் ஒரு மரபணு வைத்திருக்கிறார். இருட்டறையில் தனி விளக்கைக் காட்டினால் பாக்டீரியா இருக்கும் கொசுவின் வயிறு சிவப்பாக மின்னும். நூறு கொசுவில் தொண்ணூற்றாறு மின்னியது! எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்குப் போடும் சீரியல் பல்பு மாதிரி வரிசையாக. நான் "ஐயோ மாதாவே" என்று கத்திவிட்டேன். சார் சத்தமில்லாமல் குதித்தார். உண்மையாகவே குதித்தார், இரண்டு தடவை.

மூன்று மணிக்குக் கை கொடுத்தேன். சார் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூண்டுக்குப் பதினைந்து நிமிஷமாம். என் கொசுக்கள் எட்டு நிமிஷத்திலேயே வயிறு புடைத்துக் கூண்டுச் சுவரில் ஒட்டித் தூங்க ஆரம்பித்துவிடும். ஆனால் நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் கீழே வேலை பார்ப்பவர்கள் எதிர்த்துப் பேசக் கூடாது.

ஜனவரி 19, வெள்ளி

கை கொடுத்தேன். சாருக்கு மீன் பிடிக்காதாம். தூத்துக்குடிக்கு வந்து ஒரு மனிதன் சொல்லுகிற பேச்சா இது!

ஜனவரி 23, செவ்வாய்

கை கொடுக்கும் நாளில் சோப்பு, பவுடர், பூ எதுவும் கூடாது. கொசுவுக்கு வாசனை ஆகாது. காலையில் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தேன். மைனி அடுக்களையிலிருந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள். அண்ணன் பெண்டாட்டி என்றுதான் பெயர், போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள்.

"ஏட்டி மெட்டி, செவ்வாயும் வெள்ளியும் ஒனக்கு மூஞ்சி ஏன் இப்படி மினுக்குது?"

"பவுடர்கூடப் போடல, மைனி."

"அதான் கேக்கேன். ஊர்ல பொண்ணுங்க பவுடர் போட்டு மினுக்குவாளுக. நீ போடாம மினுக்குத."

வேலை டைரியில் இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

புழுத் தொட்டிகளில் தண்ணீர் மாற்றினேன். பத்தொன்பது தொட்டி. இரண்டாம் தலைமுறை கூட்டுப்புழு ஆகிறது. சார் தொட்டிக்குத் தொட்டி வந்து எட்டிப் பார்க்கிறார். இவருக்குப் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் அப்பன்மார் தேவலை.

பிப்ரவரி 2, வெள்ளி

பல்வலி. கீழ்வரிசையில் கடைசிப் பல். மக்ரூன்தான் காரணம், ஒரு வாரமாகத் தினம் ஒரு பாக்கெட். ஏன் இந்த இனிப்பு ஆசை திடீரென்று வந்தது என்று எனக்கே புரியவில்லை. வாயைத் திறந்தால் சுரீர் என்கிறது.

ஆனாலும் வலியோடு சாரிடம் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5, திங்கள்

இரண்டாம் தலைமுறை எண்ணினோம். நான்கு கூண்டும் சேர்த்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று! பிள்ளைகள் பாக்டீரியாவோடுதான் பிறந்திருக்கிறார்கள். சார் ஆனந்தத்தில் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.

சாயங்காலம் கன்னம் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. பல் டாக்டர் வேரில் சீழ் என்றார். சுத்தம் செய்து ஏழு நாள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். சிவப்பும் மஞ்சளுமாக அழகான மாத்திரை. பல்லு போனால் சொல்லு போச்சு என்று மைனி பாடிக்கொண்டே கஞ்சி கொடுத்தாள். பல் போகவில்லை, பிழைத்துக்கொண்டது.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாத்திரை ஒன்று. துணி துவைத்தேன். வேலைக்குப் போனேன்.

கை கொடுக்கும் முன் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். "கடந்த பதினான்கு நாளில் மருந்து ஏதும் எடுக்கவில்லை" என்று அச்சடித்திருக்கும். எடுத்திருந்தால் பதினான்கு நாள் கூண்டுப் பக்கம் வரக் கூடாது. என் இரண்டு கூண்டும் லூயிஸ் அண்ணன் தலையில் விழும். பாவம், அவருக்கு ஐம்பத்தாறு வயது. வயதானவர்மேல் பாரத்தை ஏற்றலாமா? தவிர, பல் வாயில் இருக்கிறது. கொசு கடிப்பது கையை.

கையெழுத்துப் போட்டேன்.

சார் இன்று தாமிரபரணியில் நீச்சல் கற்ற கதையைச் சொன்னார். மூன்று தடவை முங்கினாராம், மூன்று தடவையும் ஒரே எருமைமாடுதான் காப்பாற்றியதாம். சிரித்த சிரிப்பில் கை ஆடி, கூண்டு ஆடி, கொசுக்கள் எல்லாம் ஒரு சுற்றுப் பறந்து வந்து உட்கார்ந்தன.

பிப்ரவரி 9, வெள்ளி

மாத்திரை இரண்டும் ஆயிற்று. கை கொடுத்தேன். வீக்கம் வடிந்துவிட்டது.

பிப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே வேலைக்குப் போனேன். சார் பார்த்துவிட்டு, "மேடம், நெத்தியில கரி" என்று கைக்குட்டையை நீட்டினார். தபசு காலம் தொடங்குகிறது, மண்ணிலிருந்து வந்தோம் மண்ணுக்கே போவோம் என்பதற்காகப் பூசுவது என்று விளக்கினேன்.

"எங்க வீட்ல திருநீறு, மேடம். ரெண்டும் சாம்பல்தான்" என்றார்.

ஊரில் இன்று காதலர் தினம் என்று ஒரே ரோஜாப் பூ வியாபாரம். எங்கள் நிலையத்தில் சாம்பல் வியாபாரம்தான். ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். துவைத்துத்தானே கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 23, வெள்ளி

மூன்றாம் தலைமுறை.

ஒன்றாம் கூண்டு எண்பத்தொன்பது. இரண்டாம் கூண்டு எண்பத்தெட்டு. மூன்றாம் கூண்டு ஒன்பது. நான்காம் கூண்டு பதினொன்று.

சார் மூன்று தடவை எண்ணினார். விளக்கை மாற்றி எண்ணினார். என்னை எண்ணச் சொன்னார். ஒன்பதுதான், பதினொன்றுதான். நூறு கொசுவை வைத்துக்கொண்டு இருட்டில் நின்றோம், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிவப்பு தெரிந்தது. அவர் குதிக்கவில்லை.

பிப்ரவரி 24, சனி

லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். போர்வை எல்லாம் துவைத்தேன். பரணைச் சுத்தம் செய்தேன். மூன்றும் நான்கும் என் கூண்டுகள். அதனால் என்ன? மிளகாய்ப்பொடி திரித்து வந்தேன். ஒரே அறை, ஒரே சூடு, ஒரே சர்க்கரை, ஒரே தண்ணீர். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். மைனி, "ஏட்டி, பேய் புடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கை கொடுத்தேன். சார் பேசவில்லை. பதினைந்து நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

கடைசியில் சொன்னார். "பாக்டீரியா அந்த மரபணுவைத் தூக்கி எறிஞ்சிருச்சுன்னு நினைக்கேன், மேடம். நிலையா நிக்காத பொருளைப் பண்ணிட்டேன். ஆறு வருஷ வேலை. குழுகிட்ட உள்ளதைச் சொல்லிர வேண்டியதுதான்." புவனேஸ்வரத்தில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நெல்லுக்குப் பூச்சி மருந்தாம். போய்விடலாமா என்று பார்க்கிறாராம்.

பிப்ரவரி 28, புதன்

எழுதிவிடுகிறேன். டைரியிடம்கூடச் சொல்லாமல் எத்தனை நாள் ஜன்னல் துடைப்பது?

அந்தச் சிவப்பு மஞ்சள் மாத்திரை ஆன்டிபயாட்டிக். பாக்டீரியாவைக் கொல்வதுதான் அதன் தொழில். என் பல்லில் இருந்ததைக் கொன்றது. ரத்தத்தில் ஓடியது. ஆறாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் நானூறு கொசுவுக்கு அந்த ரத்தத்தைத்தான் பந்தி வைத்தேன். அவற்றின் வயிற்றிலிருந்த சாருடைய பாக்டீரியாவும் செத்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தாயிடம் ஒன்றும் மிச்சமில்லை. லூயிஸ் அண்ணன் கூண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் லூயிஸ் அண்ணனுக்குப் பல்வலி இல்லை.

எனக்கு இது எப்போது தெரியும்? கையெழுத்துப் போடும்போதே கொஞ்சம் தெரியும். எண்ணிக்கை வந்த நிமிஷமே முழுதாகத் தெரியும். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

பாவம் லூயிஸ் அண்ணன், அவருக்குப் பாரமாம். அந்த மனிதர் ஒரே நாளில் ஐந்து கூண்டுக்குக் கை கொடுத்துவிட்டு மத்தியானம் கிரிக்கெட் ஆடியவர்.

மார்ச் 1, வெள்ளி

சொல்லிவிட வேண்டும் என்று போனேன். "சார், ஒரு விஷயம்" என்றேன். அவர் நிமிர்ந்து, "மேடம், நீங்க ஒருத்தர்தான் இந்தச் சோதனையில ஒரு குறையும் வைக்காம வேலை பாத்தீங்க. அதையும் குழுகிட்ட சொல்லுவேன்" என்றார்.

சர்க்கரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

மைனியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாவாட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கிரைண்டரை நிறுத்தினாள்.

"ஒனக்கு வேலை போயிரும்னு பயமா, அவரு மூஞ்சியைப் பாக்கப் பயமா?"

"ரெண்டும்."

"அவரு புவனேஸ்வரம் போயிட்டா எந்த மூஞ்சியைப் பாப்ப?"

கிரைண்டரை மறுபடி போட்டுவிட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வரும், பரவாயில்லை.

குழுவில் ஐந்து பேர். தலைவர் பேராசிரியர் அருணகிரி, வழுக்கை, சிரித்தே பழக்கமில்லாத முகம். பக்கத்தில் எங்கள் டைரக்டர் மேடம், டாக்டர் நபீசா என்று ஒரு அம்மா, இன்னும் இரண்டு பேர். ரிஜிஸ்டர்களை எடுத்து வரச் சொல்லி அழைத்தார்கள். நான்கையும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனேன். சார் நின்றுகொண்டிருந்தார்.

"பாக்டீரியா நிலையா இல்லை, சார். பாதிக் கூண்டுல காணாமப் போயிருச்சு. காரணம் என்னோட வடிவமைப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும்மா நீ?" என்றார் தலைவர்.

"கொசு வளக்கிறவ, சார். மூணும் நாலும் என் கூண்டு. பாக்டீரியா மேல தப்பு இல்ல. சார் மேலயும் தப்பு இல்ல. என் ரத்தத்துல மாத்திரை இருந்துச்சு."

பல் டாக்டர் சீட்டையும் ரிஜிஸ்டர்களையும் மேஜைமேல் வைத்தேன். தேதிகளைச் சொன்னேன். கை கொடுத்த தேதிகளைச் சொன்னேன். இசக்கியப்பன் சார் சீட்டை எடுத்துப் படித்தார். அவர் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு என்ன நிறம் என்றே சொல்ல முடியாதபடி ஆயிற்று. "அப்பம் பாக்டீரியா சரியாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, காணாமல்போன பிள்ளை கிடைத்த சந்தோஷம்.

தலைவர் மட்டும் விடவில்லை.

"மருந்து எடுக்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே?"

"பொய்க் கையெழுத்து, சார்."

"ஏன்?"

"மருந்துன்னு சொன்னா பதினாலு நாள் கூண்டுப் பக்கம் விட மாட்டாங்க, சார்."

"விடாட்டி என்ன? கொசுக்கடி மிச்சம்தானே? சம்பளம் குறையுமா?"

"குறையாது, சார்."

"பின்ன?"

பொய் சொல்ல எனக்கு இன்னொன்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன்.

"கை குடுக்கும்போது இசக்கியப்பன் சார் எதுத்தாப்ல உக்காந்து பேசிட்டிருப்பாங்க, சார். ஒரு கூண்டுக்குப் பதினஞ்சு நிமிஷம். அது போயிரும்னுதான்."

டைரக்டர் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். டாக்டர் நபீசாவுக்கு இருமல் வந்தது. நான் தரையில் எத்தனை டைல்ஸ் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

தலைவர் சிரிக்கவில்லை. ரிஜிஸ்டர்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். இன்னொரு ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தில் விரித்துவைத்தார்.

"டாக்டர் இசக்கியப்பன், ஒண்ணு ரெண்டு கூண்டுக்கு எட்டு நிமிஷம்னு போட்டிருக்கு. மூணு நாலுக்குப் பதினஞ்சு. ஒரே சோதனையில ரெண்டு அளவு எப்படி வரும்?"

நான் நிமிர்ந்தேன். லூயிஸ் அண்ணனுக்கு எட்டு நிமிஷமா? அவர் காலையில் கொடுப்பார், நான் மதியம் கொடுப்பேன். இரண்டு மாதமாக எனக்குத் தெரியாது.

தலைவர் இரண்டு பக்கத்தையும் விரலால் தட்டினார்.

"அதிக நேரம் கடிச்சா அதிக ரத்தம். எண்ணிக்கை குறைஞ்சதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். பதினஞ்சு நிமிஷத்துக்கு என்ன அறிவியல் காரணம்?"

"அறிவியல் காரணம் ஏதும் இல்ல, சார்."

"பின்ன என்ன காரணம்?"

சார் என்னைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

"இவங்க சொன்ன காரணம்தான், சார்."

என் கையிலிருந்த பேனா விழுந்தது. டாக்டர் நபீசா இருமுவதை விட்டுவிட்டு வெளிப்படையாகவே சிரித்தார். டைரக்டர் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பிழையை நான் எந்த அறிக்கையிலும் படிச்சதில்ல" என்றார்.

டாக்டர் நபீசாதான் சொன்னார். "சிரிக்கிறது இருக்கட்டும், சார். இந்தப் பொண்ணு செஞ்சது தப்பு. ஆனா கிராமத்துல எவனாவது ஒருத்தன் மாத்திரை போட்டுட்டேதான் இருப்பான். அவனையும் கொசு கடிக்கும். இதை நாம யாருமே யோசிக்கல. வலைவீட்டுக்குப் போய் ஒரு வருஷம் கழிச்சுத் தெரியவேண்டியது, ஒரு சொத்தைப் பல்லால இப்பமே தெரிஞ்சிருக்கு."

தலைவர் நீளமாக மூச்சு விட்டார். "ஒரே ஒரு மாசம். மறுபடி செய்யுங்க, ரெண்டாம் தலைமுறை வரைக்கும் போதும். ரெண்டு பேருக்கும் தண்டனை உண்டு."

வெளியே வந்து கழிவறையில் போய்க் கொஞ்சம் அழுதேன், நிறையச் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் பேசுவது பிடிக்கும், பேசாமல் கடிகாரத்தைப் பார்ப்பதும் பிடிக்கும். வேலை டைரியில் எழுதிவிட்டேன், என்ன செய்வார்கள்?

மார்ச் 8, வெள்ளி

தண்டனை வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு நான் கை கொடுக்கக் கூடாது. புழுப் பிரிவுக்கு மாற்றம். பொய்க் கையெழுத்துக்கு என் கோப்பில் ஒரு கடிதம் ஏறிவிட்டது, அது நியாயம்தான். சாருக்கு மெமோ. மறுசோதனையில் நாங்கள் இருவருமே கூண்டு அறைக்குள்ளும் இருட்டறைக்குள்ளும் போகக் கூடாது. நான்கு கூண்டுக்கும் லூயிஸ் அண்ணன் கை, கூண்டுக்கு எட்டு நிமிஷம். எண்ணுவதும் அவர். மாத்திரை கலந்த ரத்தம் என்ன செய்யும் என்பதைத் தனியாகப் பார்க்கவும் உத்தரவு.

"ஒன் காதலுக்கு நான் ரத்தம் சிந்தணும், என்ன?" என்றார் லூயிஸ் அண்ணன்.

மார்ச் 19, செவ்வாய்

இரண்டு வாரமாக "வணக்கம் மேடம்", "வணக்கம் சார்". அவ்வளவுதான். ஊர் முழுக்கத் தெரிந்துபோன விஷயத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் வேறு பாதையில் போகிறோம். இன்று தாழ்வாரத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டார். நான் ஒதுங்கிய பக்கமே அவரும் ஒதுங்கினார், மறுபக்கம் போனால் அங்கேயும். மூன்றாவது தடவை இரண்டு பேரும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டோம்.

ஒருவேளை அன்று என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லியிருப்பாரோ என்று ஒரு எண்ணம் வருகிறது. புவனேஸ்வரத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று கேள்வி. மாட்டேன் என்று எழுதவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? புழுத் தொட்டி இருபத்திரண்டு ஆகிவிட்டது.

ஏப்ரல் 6, சனி

பத்து மணிக்கு எண்ண ஆரம்பித்தார்கள். உள்ளே லூயிஸ் அண்ணனும் டைரக்டர் மேடமும். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் ஒரு ஓரத்தில் நான், மறு ஓரத்தில் அவர். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் ஜெபமாலையின் பாதிக்கு வந்திருந்தேன்.

கதவு திறந்தது. லூயிஸ் அண்ணன் வந்தார். எங்களைப் பார்த்தார். நேரே பானைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டார். குடித்தார். இன்னொரு டம்ளர் மொண்டார்.

"அண்ணாச்சி!" என்று கத்தினார் இசக்கியப்பன். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"இரும்வே, தொண்டை காஞ்சிருக்குல்லா." வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "தொண்ணூத்தி ரெண்டு. தொண்ணூறு. தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி ஒண்ணு."

நான் எழுந்து நின்றேனா, குதித்தேனா, தெரியாது. ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால் அவர் கை என் கையில் இருக்கிறது. டைரக்டர் மேடம் கதவில் நிற்கிறார். நான் விடவில்லை. கோப்பில் இன்னொரு கடிதம் ஏற்றிக்கொள்ளட்டும்.

"மெட்டில்டா" என்றார் அவர். மேடம் இல்லை.

"சொல்லுங்க."

"இந்த எண்ணிக்கை வரட்டும்னுதான் ஒரு மாசமா வாயைத் திறக்கல. வேலை இல்லாம, புவனேஸ்வரத்துக்குப் பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்து எப்படிக் கேக்க? உங்க வீட்டுக்கு எப்பம் வரட்டும்?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. பூசை முடிஞ்சு பத்து மணிக்கு எல்லாரும் வீட்ல இருப்போம்."

"அம்மையையும் கூட்டிட்டு வரட்டுமா?"

"அவுக வராம நீங்க மட்டும் எதுக்கு?"

வீட்டுக்கு வந்ததும் மைனியிடம் சொன்னேன். அவள் "எத்தன பேரு வாராவ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அண்ணனை எழுப்பி நாற்காலி இரவல் வாங்க அனுப்பிவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிறைய எழுத வேண்டும், ஆனால் துடைப்பத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறாள். வீடு கழுவப் போகிறேன்.